கணக்கில் வராத பெரியப்பா

பெரியப்பாவிடம் பேச எங்கள் வீட்டில் ஒரே வழிதான். அவருடைய இடது உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுத வேண்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளி என்றால் நகத்தால் லேசாக ஒரு குத்து. ஒரு சொல் முடிந்ததும் கரும்பலகையை அழிப்பது போல உள்ளங்கையை ஒருமுறை தடவிவிட வேண்டும். 'கொ' என்று எழுதினால் முதலில் கொம்பு வரும், பிறகு ககரம், கடைசியில் கால். மூன்றும் முடியும்வரை அவர் அசையாமல் காத்திருப்பார். என் தம்பிக்கு எப்போதும் அவசரம். கொம்பை விட்டுவிட்டு எழுதுவான். 'கொடு' என்பது 'காடு' ஆகிவிடும். "எந்தக் காட்டுக்குடா போகச் சொல்ற?" என்று பெரியப்பா கேட்பார். வீடே சிரிக்கும். அந்தச் சிரிப்பு அவருக்குக் கேட்காது, சிரிக்கும் முகங்களும் தெரியாது. தம்பியின் கை குலுங்குவதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்.

அவர் 1958இல் கீழ்ப் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே காது மந்தம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் முதல் வரிசையில் உட்கார்ந்து, ஆசிரியரின் வாயைப் பார்த்துப் பார்த்தே ஆறாம் வகுப்புவரை படித்து முடித்தார். அந்த ஆறு வருடத் தமிழ்தான் இன்றைக்கு அவருடைய உள்ளங்கையில் வேலை செய்கிறது. பிறகு பால்மரம் சீவப் போனார். விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போய், இருட்டோடு நிரையில் இறங்க வேண்டும். தலையில் விளக்கு இருந்தும் வேர் தடுக்கி விழுவார், மங்கைத் தட்டிவிடுவார், ஒருமுறை கால்வாயிலேயே விழுந்திருக்கிறார். தோட்டத்தில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: விடியற்காலையிலேயே 'தண்ணி' போடுகிறான். பாட்டியும் அதை நம்பினார். மாலைக்கண் என்று யாருக்கும் தோன்றவில்லை. முப்பது வயதில் பக்கவாட்டுப் பார்வை போனது. நாற்பதுக்குமேல் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. ஐம்பதைத் தாண்டியபோது அதுவும் இல்லை. அதற்குள் காதும் முழுதாக அடைத்துவிட்டது. அஷர் நோய்க்கூறு என்று ஒரு மருத்துவர் அப்போதுதான் சொன்னார். இது பரம்பரையாக வருவது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் பிள்ளைக்கு வெளிப்படும். தாத்தாவும் பாட்டியும் அத்தை மகன், மாமன் மகள். இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது பெரியப்பாவின் நோயைப் பற்றி அல்ல. நான் புள்ளியியல் படித்தவள். அவர் எந்தக் கணக்கில் இருக்கிறார் என்பதுதான் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி.

1990களின் நடுவில் அவருக்கு உடற்பேறு குறைந்தோர் அட்டை எடுத்தார்கள். அப்போது கண்ணில் ஓரளவு பார்வை இருந்தது. அட்டையில் 'செவித்திறன்' என்று போட்டார்கள். அன்றைக்கு அது சரிதான். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் காதுகேளாதோர் பட்டியலிலேயே இருந்தார். வீடு மாறியபோது முகவரியை மாற்றினோம். கண் போனபோது அட்டையை மாற்ற வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை, கேட்பாரும் இல்லை.

இதனால் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். ஒருமுறை காதுகேளாதோருக்கான நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைப்பு வந்தது. பெரியம்மா அவருக்குப் புதுச் சட்டை போட்டு அழைத்துப் போனார். மேடையில் எல்லாம் சைகை மொழியில் நடந்தது. பெரியப்பாவுக்குச் சைகை மொழியும் தெரியாது, மேடையும் தெரியாது. சாப்பாடு ஆனதும் திரும்பி வந்துவிட்டார்கள். பிறகு யாரோ சொல்லி, பார்வையற்றோருக்கு வெள்ளைக் கோல் பழக்கும் ஓர் இடத்தில் கேட்டுப் பார்த்தோம். அங்கே பயிற்சி முழுக்க வாய்ப்பேச்சில். வண்டி வரும் சத்தத்தைக் கேட்டுச் சாலையைக் கடக்கக் கற்றுத்தருகிறார்கள். காதுகேளாதவருக்குக் கண்தான் காது. பார்வையற்றவருக்குக் காதுதான் கண். ஒன்றை வைத்து இன்னொன்றை ஈடுகட்டும் வழி இரண்டு சேவைகளிலும் உள்ளது. ஈடுகட்ட எதுவும் மிஞ்சாதவருக்கு அங்கே இடமில்லை. அவருக்குத் தேவை கையைத் தொட்டுப் பேசவும் வெளியே அழைத்துப் போகவும் பழகிய ஒரு துணையாள். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் தேவை என்று ஒரு துறை திட்டமிட வேண்டுமானால், முதலில் பெரியப்பாவைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும்.

நம் நாட்டில் இது தெரியாது. 2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம் பதிவுக்கு வழி செய்கிறது. சமூகநலத் துறை ஏழு வகைகளாகப் பதிகிறது: செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், ஏழாவதாகப் 'பலவகை'. வெளிவரும் அட்டவணைகளிலும் இந்த ஏழு வரிகள்தாம். காதும் கண்ணும் சேர்ந்து போனவர்களுக்குத் தனி வரி இல்லை. மேலும் பதிவு செய்வது அவரவர் விருப்பம். 2017 இறுதியில் பதிவாகியிருந்தவர்கள் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். மக்கள் தொகையில் ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வோ, பெரியவர்களில் சுமார் 11 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு செயற்பாட்டுச் சிரமம் உண்டு என்று சொன்னது. இரண்டும் ஒரே வரையறையில் எடுத்த கணக்குகள் அல்ல. நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. இருந்தாலும் இடைவெளி எவ்வளவு பெரியது பாருங்கள்.

2014இல் என் இறுதியாண்டு ஆய்வுக்காக ஒரு வீட்டு ஆய்வில் வேலை செய்தேன். வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001இல் அமைந்த குழு அது. கண்ணாடி போட்டிருந்தாலும் பார்ப்பதில் சிரமம் உண்டா, கேட்கும் கருவி வைத்திருந்தாலும் கேட்பதில் சிரமம் உண்டா, நடப்பதில், நினைவில், தன் வேலையைத் தானே செய்துகொள்வதில், பிறரிடம் பேசிப் புரியவைப்பதில். பதிலும் நான்குதான்: சிரமம் இல்லை, கொஞ்சம் உண்டு, மிகவும் உண்டு, முடியவே முடியாது. 'குறைபாடு', 'ஊனம்' போன்ற சொல் ஒன்றுகூட அந்தக் கேள்விகளில் வராது. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே குடும்பங்கள் வாயை மூடிக்கொள்ளும் என்பது உலகமெங்கும் தெரிந்த விஷயம். கல்யாணத்துக்கு நிற்கும் தங்கை உள்ள வீட்டில் அண்ணனைப் பற்றி யார் உண்மை சொல்வார்?

ஆனால் நல்ல கேள்வியையும் தமிழில் கேட்கும்போது கெடுத்துவிடுகிறோம். ஒரு தாமான் வீட்டில் எண்பது வயதுப் பாட்டி சோபாவில் உட்கார்ந்திருந்தார். மருமகள்தான் பதில் சொன்னார். "அத்தைக்கு ஒண்ணும் இல்லைங்க, வயசாச்சு, அவ்வளவுதான்." பார்ப்பதில்? "சிரமம் இல்லை." கேட்பதில்? "கொஞ்சம் சத்தமாப் பேசணும்." நான் பாட்டியின் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. காலையிலிருந்து யாரும் அவரிடம் பேசவில்லை என்று எனக்குத் தோன்றியது. நான் படிவத்தை ஓரம் வைத்துவிட்டு, "எதிர் வீட்டு வாசல்ல ஆள் நின்னா யாருன்னு தெரியுமா பாட்டி?" என்று அவர் காதருகே கத்திக் கேட்டேன். "எதிர்ல வீடு இருக்கா?" என்றார் பாட்டி.

என் பேராசிரியர் அதைக் கேட்டுக் கடிந்துகொண்டார். அவரவர் இஷ்டத்துக்குக் கேள்வியை மாற்றினால் ஒரு நாட்டின் எண்ணை இன்னொரு நாட்டோடு ஒப்பிட முடியாது. அவர் சொன்னது முழுக்க நியாயம். ஆனாலும் வீட்டுத் தலைவரோ மருமகளோ சொல்வதை மட்டும் எழுதிக்கொண்டு வருவதும் கணக்கெடுப்பு ஆகாது. கேள்வியை மாற்றாமலேயே ஒன்று செய்யலாம்: யார் பதில் சொன்னார் என்பதற்கு ஒரு கட்டம் வைக்கலாம். அவரே சொன்னாரா, பிறர் சொன்னாரா? பிறர் சொன்னால், நேரில் கேட்க முடியாமற்போனது ஏன்? காதும் கேட்காமல் கண்ணும் தெரியாமல் இருந்ததால் கேட்க முடியவில்லை என்றால், அதுவே ஒரு தகவல்தானே!

அந்த ஆய்வில் வேறொன்றையும் கண்டேன். எல்லாத் தரவும் கணினியில் ஏறிய பிறகு, பார்வைக்கு ஓர் அட்டவணை, செவிக்கு ஓர் அட்டவணை என்று ஆறு அட்டவணை போட்டுக் கொடுத்தோம். வழக்கம் அதுதான். ஒருநாள் இரவு விடுதியில் உட்கார்ந்து பார்வைப் பத்தியையும் செவிப் பத்தியையும் குறுக்கே வைத்து ஓர் அட்டவணை போட்டுப் பார்த்தேன். பத்து நிமிட வேலை. இரண்டிலும் 'மிகவும்' அல்லது 'முடியாது' என்று இருந்தவர்கள் கைவிரல்களுக்குள் அடங்கிவிட்டார்கள். அவ்வளவு சிறிய எண்ணை வைத்து நாட்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஆனால் பூஜ்யம் இல்லை. அந்தச் சில பேர் பார்வை அட்டவணையிலும் ஒருமுறை, செவி அட்டவணையிலும் ஒருமுறை வந்து, இரண்டு இடத்திலும் கூட்டத்தோடு கரைந்துபோயிருந்தார்கள்.

இன்னும் ஒரு கூட்டம் வேறு விதமாகக் கரைந்திருந்தது. கண்ணிலும் 'கொஞ்சம்', காதிலும் 'கொஞ்சம்' என்று பதில் சொன்னவர்கள். வழக்கமான விதிப்படி ஏதாவது ஒன்றில் 'மிகவும்' என்று இருந்தால்தான் ஒருவர் கணக்கில் ஏறுவார். இவர்கள் ஏறவே மாட்டார்கள். காது கொஞ்சம் மந்தமானவர் பேசுபவரின் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பார். அதே ஆளுக்குக் கண்ணும் கொஞ்சம் மங்கினால் உதடு தெரியாது. இரண்டு 'கொஞ்சம்' சேர்ந்தால் அது கூட்டல் கணக்கு அல்ல, பெருக்கல். வயதானவர்களில் இப்படிப்பட்டவர்கள்தாம் அதிகம். மறதி வந்துவிட்டது, கோபம் வந்துவிட்டது என்று நாம் சொல்லும் பல தாத்தா பாட்டிகளுக்கு உண்மையில் வந்திருப்பது இதுதானோ என்று எனக்கு அடிக்கடி சந்தேகம் எழும்.

ஒரு மனிதனுக்கு ஒரு கட்டம் என்ற பழக்கம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. இந்தியாவின் 2001 கணக்கெடுப்பில் ஒருவருக்கு எத்தனை குறை இருந்தாலும் ஒன்றைத்தான் குறித்துக்கொண்டார்கள். 2011இல்தான் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைக் குறிக்க வழி வந்தது. அமெரிக்காவின் கதை இன்னும் தெளிவானது. அங்கே 1986 முதல், பிறந்த குழந்தையிலிருந்து 21 வயதுவரை, காதும் கண்ணும் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கென்றே தனிக் கணக்கு எடுக்கிறார்கள். அதில் ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் வருகிறார்கள். அதே நாட்டில் சிறப்புக் கல்விச் சட்டத்தின் கீழ் எடுக்கும் கணக்கில் இந்த வகையில் 2,000 பேர்கூடத் தேறுவதில்லை. பிள்ளைகள் காணாமற்போகவில்லை. பின்னதில் ஒரு பிள்ளைக்கு ஒரு முதன்மை வகைதான். இவர்களில் பெரும்பாலோருக்கு வேறு குறைகளும் உண்டு என்பதால் 'பல குறைகள்' என்ற வகைக்குள் போய்விடுகிறார்கள். தேடிப் போய் எண்ணினால் ஒரு விடை, இருக்கும் கட்டத்துக்குள் தள்ளினால் இன்னொரு விடை.

இங்கிலாந்தில் 2001இல் உள்ளாட்சி மன்றங்களுக்கு ஒரு வழிகாட்டல் போனது. தங்கள் பகுதியில் உள்ள இத்தகையவர்களை அடையாளம் காண வேண்டும், தொடர்பு கொள்ள வேண்டும், பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று. எனக்குப் பிடித்தது நடுவில் உள்ள சொல்: தொடர்பு கொள்ள வேண்டும். பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டால் போதாது.

உலகக் காதுகேளா பார்வையற்றோர் சம்மேளனம் 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 22 நாடுகளின் கணக்கெடுப்புகளையும் ஆய்வுகளையும் எடுத்து, நான் விடுதியில் செய்த அதே குறுக்கு அட்டவணை வேலையைப் பெரிய அளவில் செய்திருந்தார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் உலக மக்கள் தொகையில் ஏறத்தாழ 0.2 விழுக்காடு, லேசானவர்களையும் சேர்த்துப் பார்த்தால் 2 விழுக்காட்டை ஒட்டி என்று மதிப்பிட்டார்கள். நம் நாட்டின் 2020 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 3 கோடியே 24 லட்சம். அந்த 0.2ஐ இங்கே அப்படியே பொருத்தினால் சுமார் 65,000 பேர். பிற நாட்டு விகிதத்தை நம் தலையில் கட்டுவது நல்ல புள்ளியியல் இல்லை என்று எனக்கே தெரியும். பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்வாசி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எந்த மாநிலத்தில், எந்த வயதில், எந்த வீட்டின் பின்னறையில் இருக்கிறார்கள்? உடற்பேறு குறைந்தோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா 2010இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 31ஆம் பிரிவு, உரிய புள்ளிவிவரங்களைத் திரட்ட வேண்டும், கிடைத்ததை வகைவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்கிறது.

அந்த அறிக்கையைப் படித்த சூட்டில்தான் 2019இல் பெரியப்பாவை அழைத்துக்கொண்டு அட்டையை மாற்றப் போனேன். அதற்கு முன் காதுக்கு ஒரு நாள், கண்ணுக்கு ஒரு நாள் என்று இரண்டு மருத்துவர்களிடம் போக வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் தத்தம் பகுதியை மட்டும் நிரப்பினார். இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்த அதிகாரி நல்ல மாதிரி. பெரியப்பாவுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர்கூடக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து மலாய் மொழியில் கேட்டார்: "இரண்டில் எது அதிக மோசம்?"

எனக்குப் பதில் வரவில்லை. பெரியப்பா என்ன என்று என் கையைத் தட்டினார். அவருடைய உள்ளங்கையில் எழுதினேன்: எது மோசம், கண்ணா, காதா? அவர் கொஞ்ச நேரம் கையை மூடி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, தன் குரல் எவ்வளவு பெரியது என்று தெரியாத அவர், அறை முழுக்கக் கேட்கும்படி, "எதுக்குப் பாப்பா ஒண்ணு?" என்றார்.

அதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தலையாட்டினார். "அப்படியென்றால் பலவகை என்று போடுகிறேன்" என்றார். அவர் கையில் இருந்த படிவத்தில் வேறு வழி இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஏழாவது வகையில் மூளை முடக்குவாதத்தோடு கற்றல் சிரமமும் உள்ள குழந்தை இருக்கும், ஒரு காலும் பேச்சும் இழந்த தொழிலாளி இருப்பார், பெரியப்பாவும் இருப்பார். மூவருக்கும் தேவையானது வேறு வேறு. அட்டவணையில் மூவரும் ஓர் எண். எந்தெந்தக் குறை என்று தாளில் மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். அது கோப்புக்குள் போய்விட்டது. எண்ணாக வெளியே வரப்போவது 'பலவகை' மட்டும். அந்த இரண்டு சொற்களைக் கணினியில் இரண்டு கட்டங்களில் டிக் போட்டு ஏற்ற முடிந்திருந்தால் போதும், என் பத்து நிமிட அட்டவணையை யார் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம்.

ஒரு பயமும் எனக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எண் மிகச் சிறியதாக இருக்கும் இடத்தில் எண்ணே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சிற்றூரில் இருபுலன் இழந்த இந்தியர் ஒருவர் என்று அட்டவணை சொன்னால், அது பெரியப்பாதான் என்று ஊருக்கே தெரியும். ஆகவே மாவட்ட அளவில் வெளியிடாமல் மாநில அளவிலோ நாட்டளவிலோ வெளியிடலாம். இதற்கெல்லாம் புள்ளியியலில் பழகிய வழிகள் இருக்கின்றன. எண்ணாமல் விடுவது அந்த வழிகளில் ஒன்று அல்ல.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளில் சிலர் படிப்புச் செலவுக்காக ஏதாவது ஒரு கணக்கெடுப்பில், ஆய்வில் வேலைக்குப் போவீர்கள். தமிழ் வீடுகளுக்கு உங்களைத்தான் அனுப்புவார்கள். மருமகள் பதில் சொல்லி முடித்த பிறகு, சோபாவில் இருக்கும் பாட்டி பக்கம் ஒருமுறை போய் உட்காருங்கள். படிவத்துக்கு அடியில் குறிப்பு எழுத இடம் இருக்கும். பெரும்பாலும் அதை யாரும் நிரப்புவதில்லை.

புது அட்டை வந்தபோது பெரியப்பாவின் கையில் 'பலவகை' என்று எழுதிக் காட்டினேன். இரண்டு முறை எழுதச் சொன்னார். "என்னா பாப்பா, என்னையப் பலசரக்குக் கடை ஆக்கிட்டாங்களா?" என்று சிரித்தார். பழைய அட்டைக்குப் பக்கத்தில் சட்டைப் பையிலேயே அதையும் வைத்துக்கொண்டார்.

அடுத்த மக்கள் கணக்கெடுப்பு 2030இல் வர வேண்டும். அப்போது அவருக்கு 72 வயது. மாலை வேளையில் முன்வாசல் பலகைத் தரையில்தான் உட்கார்ந்திருப்பார். யாராவது படியேறினால் பலகை அதிர்வதை வைத்துத் தெரிந்துகொள்வார். "யாரு?" என்று கேட்டுக்கொண்டே இடது கையை நீட்டுவார்.